பட்டி எழுந்த ஞாயிற்றுக்கிழமை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். பட்டா மாறுதல், அடங்கல், சான்றிதழ் எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். பட்டி.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் கிராமங்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதில்தான் முடியும். சுருளிப்பட்டி, தேவதானப்பட்டி என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பீர்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால் சின்ன ஊர் என்பீர்கள். மதுரைக்காரர்கள் நம்மைப் பட்டிக்காடு என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். கம்பம்மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் மலையாளத்தில் அதற்கு நாய் என்று பொருள். ஊர்ப் பெயரைக் கேட்டு ஏலத்தோட்டத்தில் சிரிக்கிறார்கள் என்று வேலைக்குப் போய்வந்த பெண்கள் என்னிடம் புகாரே சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மனு எழுதித் தர முடியாது என்று அனுப்பிவைத்தேன்.

அந்தச் சொல் முதலில் ஊரைக் குறிக்கவில்லை. ஆடு மாடு மேய்ப்பவர்கள் அடைப்புப் போட்டு, பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கிய இடம்தான் பட்டி. சிலர் தங்கியவர்கள் தங்கியவர்களாகவே இருந்துவிட்டார்கள். கிணறு வந்தது, கோயில் வந்தது, ரேஷன் கடையும் வந்தது. ஆடு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதெல்லாம் அகராதியைப் புரட்டினாலே கிடைக்கும். நான் சொல்ல வந்தது அகராதியில் இல்லாதது. அந்தச் சொல்லுக்குள் இன்னும் குடியிருக்கிறவர்கள் அதை எப்படிப் பேசுகிறார்கள் என்பது.

முதல் போகம் அறுத்து அடுத்த நடவுக்கு முன்னால் நம் பள்ளத்தாக்கு வயல்களில் ராத்திரி ஆட்டை வலைக்குள் அடைத்துக் கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வயல்காரர்கள் அதைக் கிடை என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வயலுக்கு உரமாகும் ஆட்டுப் புழுக்கை. ஆட்டுக்காரர்கள் அதைப் பட்டி என்பார்கள். ஆடு, வலை, குட்டிகள்மேல் கவிழ்த்து வைக்கும் கூடை, நாய், அடுப்பு, கைக்குழந்தை, தலைக்கு மேல் கட்டிய தார்ப்பாய் எல்லாம் சேர்ந்து ஒரே பட்டி. அந்தத் தார்ப்பாய்க் குடிசையை மட்டும் தனியாகச் சொல்லவேண்டி வந்தால் படுதா என்று விட்டுவிடுவார்கள். அதற்கு அவ்வளவுதான் மதிப்பு. பட்டியைப் போட்டார்கள், பிரித்தார்கள் என்று அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. பட்டி உட்காரும், பட்டி எழுந்திருக்கும். ஆளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள்.

எனக்கு இது ஒரு வாழைத்தோட்டத் தகராறில் விளங்கியது. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் ஆடு ஓட்டிவரும் கிடைக்காரர் ஒருவர் உண்டு. அவருடைய ஆடுகள் இளம் வாழைக்குள் புகுந்துவிட்டன. தோட்டக்காரர் கொதித்துப்போய் எல்லோரையும் என் ஆபீசுக்கு இழுத்து வந்துவிட்டார். யார் ஆடு, யார் காவல், யார் தூங்கியது என்று நான் முறைப்படி கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைக்காரரின் மனைவி என்னைக் கையமர்த்தினார். “பட்டி வந்துச்சு, பட்டி தின்னுச்சு. பட்டி பதில் சொல்லும் தாயி. ஆளு பேரு எதுக்கு?” என்றார். தோட்டத்துக்குப் பக்கத்தில் தோட்டக்காரருக்கே இருந்த வயலில் இரண்டு ராத்திரி கூலி வாங்காமல் கிடை போட்டுக் கொடுப்பதாகப் பேசி முடித்தார்கள். தோட்டக்காரர் வாயெல்லாம் பல்லாக எழுந்து போனார். நான் எழுத ஆரம்பித்த வாக்குமூலம் பாதியில் நின்றது.

கிடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலை கட்டும்போது முதல் முளைக்குச்சியை நிலத்துக்காரர்தான் தன் கையால் அடிக்கவேண்டும். பேசிய ராத்திரிகள் முடிந்ததும் அவரே வந்து அதைப் பிடுங்கவேண்டும். அதற்கப்புறம்தான் பட்டி எழுந்திருக்கும். ஆட்டுக்காரர் தானாக நடுவில் எழுப்பினால் வாக்குத் தவறினவர். ஆடு அடுத்த ஊருக்குப் போய்ச் சேருமுன் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். மறுவருஷம் கூடலூரிலிருந்து தேனிவரை ஒருவரும் அவருக்கு வயல் காட்டமாட்டார்கள். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, அந்த முளை ஒன்றுதான் பேச்சுக்குச் சாட்சி.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஐப்பசி மழை மலையில் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. காலைப் பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வந்து போனைத் திறந்தேன். தாலுகா வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை. மதியத்துக்குள் ஆற்றில் வெள்ளம் வரும், கரையோரக் குடிசைகளில் இருப்பவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரவேண்டும். என் கிராமத்தில் கரையோரம் குடிசை என்று இருந்தது அந்தப் பட்டி ஒன்றுதான். அதே கிடைக்காரர், அவர் மனைவி, அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவள் மடியில் பிறந்து மாதம்கூட ஆகாத ஒரு பெண் குழந்தை. வலைக்குள் அவர்களுடைய மொத்த வாழ்க்கையும் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நான் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றி வருவதற்குள் பக்கத்துக் கிராமத்து வி.ஏ.ஓ. மினி லாரியோடு அங்கே போய்விட்டார். உங்களைப்போலப் புதுசு. தங்கமான பையன், சுறுசுறுப்பு, படிப்பு எல்லாம் உண்டு. மைக்கைப் பிடித்து, “குடிசையில் இருப்பவர்கள் உடனடியாக வெளியேறவும்” என்று அறிவித்திருக்கிறார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் குழந்தையைக் கையில் வாங்கி லாரியில் ஏறினால் தாய் பின்னாலேயே ஏறிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். தாய் ஏறினாள். குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கிப் பழையபடி படுதாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு செம்மண் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. கரைக்கு இன்னும் ஓர் ஆள் உயரம் இருந்தது. கிடைக்காரர் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். பிடிவாதமோ கோபமோ அவர் முகத்தில் இல்லை.

“முளை அடிச்சவுக வந்து பிடுங்கட்டும் தாயி. நாங்க மாட்டோம்னு சொல்லல” என்றார்.

அந்த நிலத்துக்காரர் தேனி பஜாரில் கடை வைத்திருப்பவர். சில வருஷங்களுக்கு முன்னால்தான் அந்த வயலை வாங்கியிருந்தார். ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தானே காரில் வந்து முளை அடித்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சபையில் ஆராதனை மதியம்வரை நடக்கும். எங்கள் சாமியார் முக்கால் மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிடுவார், அவர்களுக்குப் பிரசங்கமே அவ்வளவு நேரம். அவருடைய கடைக்குப் போட்டேன், விடுமுறை. தேனியில் இருக்கிற ஒரு சிநேகிதியைச் சபைக்கே அனுப்பினேன். ஆள் கிடைத்தாலும் அவர் இங்கே வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். ஆற்றுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதாகத் தெரியவில்லை.

இளைய வி.ஏ.ஓ. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போலீஸ் வந்து தூக்கட்டும் மேடம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், இந்த எழுத்தில் நான் சொல்லவந்ததே இதுதான். நாலு போலீஸ்காரர்கள் அஞ்சு உயிரைத் தூக்கி லாரியில் போடலாம். ஆட்டைத் தூக்க முடியாது. வலைக்குள் ஆடு நிற்கத் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால் அந்த அஞ்சு பேரில் நாலு பேர் பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்துத் தண்ணீருக்குள் திரும்பி ஓடுவார்கள். அப்போது அவர்களைத் தேட நாம் போகவேண்டியிருக்கும். ஒருவரை வெளியே கொண்டுவருவது பெரிய காரியமில்லை. அவர் திரும்பி உள்ளே போகாதபடி கொண்டுவரவேண்டும். குடிசையைக் காலி செய்யச் சொல்லி அந்தப் பையன் கத்தியது அவர்கள் காதில் ஏறவே இல்லை. அங்கே காலி செய்வதற்குக் குடிசை இல்லை. எழுப்புவதற்கு ஒரு பட்டிதான் இருந்தது, அதை எழுப்புகிற உரிமை எனக்கு இல்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு வலையைச் சுற்றி நடந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட நடப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. வலையின் மேற்கு மூலைக்கு வந்தபோது என் காலில் எல்லைக்கல் இடித்தது. ஆற்றுப் புறம்போக்கின் எல்லைக்கல். வயலை வாங்கிய நாளிலிருந்து நிலத்துக்காரர் வருஷத்துக்குக் கொஞ்சமாக ஆற்றுப் பக்கம் வரப்பைத் தள்ளிப் போட்டு உழுதுகொண்டு போயிருந்தார். அளந்து, நோட்டீஸ் கொடுத்து, அந்த விவகாரம் நடந்துகொண்டிருந்தது. முதல் முளையைத் தேடினேன். மற்ற முளைகளைவிடத் தடிமனாக, தலையில் மஞ்சள் தடவி நின்றது. கல்லுக்கு ஆற்றுப் பக்கம் பத்தடி தள்ளி நின்றது.

கிடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மனைவியும் கூடவே வந்தார்.

“அண்ணே, இந்தக் கல்லுக்கு அங்கன இருக்கிறது அவுக நெலம். கல்லுக்கு இங்கன இருக்கிறது சர்க்கார் நெலம். உங்க முளை சர்க்கார் நெலத்துல நிக்கிது. இந்த ஊர்ல சர்க்காருன்னா நாந்தேன்.”

அவர் கல்லைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். ஊரில் நான் நிலம் அளந்து தகராறு தீர்த்ததையெல்லாம் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கல் பொய் சொல்லாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நான் குனிந்து முளையில் கை வைத்தேன். அப்போது அவர் மனைவி என் கைமேல் தன் கையை வைத்துத் தடுத்தார்.

“பிடுங்குறது பெருசில்ல தாயி. பேசுன ராத்திரி இன்னும் கெடக்கு. பிடுங்குனவுக வேற எடம் காட்டணும். எங்கன காட்டுவிக?”

கேள்வி நியாயமானது. பள்ளிக்கூடம் என்று சொல்லியிருக்கலாம். அது மனிதர்களுக்கு. ஆட்டை வாசலில் நிறுத்தித் தலைமை ஆசிரியை கதவைச் சாத்தினால் என் வார்த்தை அங்கேயே செத்துவிடும். எங்கள் கோயில் மைதானம் மேட்டில் இருக்கிறது, ஆனால் அது சாமியாருடையது. சர்க்கார் என்று சொல்லி முளையில் கை வைத்தபின் சர்க்கார் இடத்தைத்தான் காட்டவேண்டும். கால்நடை மருந்தகம் ஞாபகம் வந்தது. மேட்டு நிலம், சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

டாக்டருக்குப் போட்டேன், எடுத்தார். சாவி உதவியாளரிடம் இருக்கிறது, உதவியாளர் தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார் என்றார். பூட்டை உடைக்கப்போகிறேன் என்றேன். மாட்டு மருந்து அலமாரிப் பக்கம் ஆடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர், இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

இளையவர் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “மேடம், ஆர்டர் இல்லாம கவர்மெண்ட் பில்டிங் பூட்டை…”

“ஆர்டர் நாளைக்கு வரும் தம்பி. தண்ணி இன்னைக்கு வரும்.”

முளையைப் பிடுங்கினேன். ஈர மண், சிரமமில்லாமல் வந்துவிட்டது. “மருந்தகத்துல பட்டி உக்காரட்டும் அண்ணே” என்று அவர் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தம்பி வலையைச் சுருட்டினார். கிடைக்காரர் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தார், முன்னால் நின்ற வெள்ளாடு நடந்தது, மற்றவையெல்லாம் அதன் பின்னால் நடந்தன. ஆட்களை ஏற்ற வந்த மினி லாரியில் குட்டிகளும் தம்பி மனைவியும் குழந்தையும் ஏறினார்கள். படுதா கடைசியாக ஒரு மூட்டையாகிக் கிடைக்காரர் மனைவியின் தலையில் ஏறியது. ஒரு வீடு அவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நம் இளையவர் இரண்டு கக்கத்திலும் இரண்டு குட்டியை இடுக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுக்கையோடு லாரிக்கும் வலைக்கும் ஓடினார். அன்றைக்குத்தான் எனக்கு அவரை ரொம்பவும் பிடித்தது.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றின் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தேன். கரை இருந்த இடத்தில் கரை இல்லை. தண்ணீர் வயலுக்குள் நிதானமாக நடந்து வருவதுபோல வந்தது, எல்லைக்கல்லை மூடியது, மேலே வந்துகொண்டே இருந்தது. பாலத்தில் கடைசி ஆடுகள் மிரண்டு நின்றன. கிடைக்காரர் பின்னாலிருந்து தள்ள, நானும் பூசைக்குப் போட்ட தங்கச் சங்கிலியோடு நின்று தள்ளினேன். புடவை மாற்றிய எனக்கு அதைக் கழற்றத் தோன்றவில்லை.

அப்போதுதான் தேனிக்காரர் கூப்பிட்டார். என் சிநேகிதி அவரைப் பிரசங்கத்திலிருந்தே எழுப்பி, முளை பிடுங்கியதாக நான் போனில் சொன்னதையும் சொல்லியிருந்தாள். யாரைக் கேட்டுக் கிடையைக் கிளப்பினீர்கள் என்று ஆரம்பித்தார். நான் வீடியோவைத் திறந்து ஆற்றைக் காட்டினேன்.

“ஆளுக?” என்று கேட்டார்.

“எல்லாரும் ஏறிட்டாக.”

“பச்சைப் பிள்ளை ஒண்ணு இருந்துச்சே மேடம்.”

இருக்கிறது என்றேன். சாயங்காலம் மருந்தகத்துக்கு அவரிடமிருந்து அண்டா நிறையச் சாப்பாடு வந்து இறங்கியது. ஆக்கிரமிப்பு நோட்டீசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விசாரணை அதன் போக்கில் நடந்தது, அவரும் வக்கீல் வைத்து என்னோடு நன்றாகவே சண்டை போட்டார். மனிதர்களை ஒரே டப்பாவில் போட்டு மூடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பூட்டு உடைத்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அப்படிக் கேட்பது அவர்கள் வேலை. ஆற்றங்கரையில் முடிவெடுக்கும்போது அந்த விளக்கத்தை மனதில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். எழுத முடியாத விளக்கமாக இருந்தால் அந்தக் காரியத்தில் இறங்காதீர்கள். எழுத முடியும் என்றால் கேட்பார்களே என்று பயந்து நிற்காதீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் வேறிடத்தில் இருந்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். ஒருமுறை பொய்யாக முளை பிடுங்கிய சர்க்காரை அடுத்த மழைக்கு யாரும் நம்பமாட்டார்கள். வேறு வழி தேடியிருப்பேன், என்ன வழி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கிடைக்காரரும் அவர் மனைவியும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள். நானும் போனேன். பாலத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. பட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு ஒரு தென்னை அந்த வழியாகப் போனது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

பேச்சுக்குத்தான் கேட்டேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்ததும் நீங்களாகவே எழுந்திருப்பீர்கள், இல்லையா அண்ணே என்றேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “இல்ல தாயி. முளை நின்னுச்சுல்ல. நீங்க வந்து பிடுங்காட்டி நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்.”

அவர் மனைவியைப் பார்த்தேன். நேற்று என் கையைத் தடுத்து நியாயம் கேட்ட பெண், தம்பி மனைவி தூங்கட்டும் என்று அவளுடைய குழந்தையைக் கையில் வைத்திருந்தார். உதவிக்கு அவரைக் கூப்பிடுவதுபோல, நீங்களாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்தானே என்றேன்.

கிடைக்காரர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். “அவளும் இருந்திருப்பா.”

அந்த அம்மாள் ஆமாம் என்று தலையசைத்துக் குழந்தையின் தலையை முந்தானையால் மூடினார்.